மடிக்காமல் வந்த கடல்பாசி

வாண்டோ தீவு
பிப்ரவரி 3, 2005

நாரே கண்ணு,

இங்கே நான் சுகம், உங்கம்மா சுகம், நாய் சுகம். படகுக்கு மட்டும் இருமல், இன்ஜினைத் திறந்து பார்க்க வேண்டும். நீ எப்படி இருக்கிறாய்? சியோல் குளிர் ஆளை விழுங்கும் என்கிறார்கள். நான் ஒரு தடவை அங்கே வந்தபோது, பேசிய பேச்சு வாயிலேயே உறைந்து, அறைக்குள் போன பிறகுதான் மற்றவர்களுக்குக் கேட்டது. நம்பினால் நம்பு.

கடிதமே போதும், தொலைபேசி வேண்டாம் என்று நீ சொன்னது சரி. அந்தச் சனியன் கூடத்தில் உங்கம்மா தலைமாட்டில் உட்கார்ந்திருக்கிறது. உன் குரலைக் கேட்டால் எனக்கும் பேச்சு வராது. இந்தத் தால்சூவுக்குப் பேச்சு வராத நாள் என்று இந்தத் தீவு ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை, இனியும் பார்க்க வேண்டாம். நான்காம் வகுப்போடு நின்றவன் என்று என் எழுத்தைப் பார்த்து யாராவது சொல்வார்களா, நீயே சொல்.

புறப்பட்ட அன்று உங்கம்மா சொன்னதை மனதில் வைத்துக்கொள்ளாதே. "பாட்டுப் பாடப் போறவ இந்த வாசல்ல வந்து நிக்க வேணாம்" என்றது கோபத்தில் வந்த வார்த்தை. நீ பேருந்து ஏறிய மறுநாளே, "என் ராணி என்ன சாப்பிட்டாளோ, எங்கே படுத்தாளோ" என்று உருகிப் போய்விட்டாள். நான்தான் தேற்றினேன்.

இத்துடன் ஒரு பொட்டலம் ஜவ்வு மிட்டாய். ஆடிஷனுக்குப் போகும் வழியில் ஒன்றை வாயில் போட்டுக்கொள். அது பல்லில் ஒட்டுகிற மாதிரி நீயும் அந்தப் பாட்டுக் கம்பெனியில் ஒட்டிக்கொள்வாய். பாசிச் சூப் பக்கம் தலைகாட்டாதே, தேர்வு முடியும்வரை ஒரு வாய்கூடக் கூடாது, பாசி வழுக்குகிற மாதிரி தேர்வும் வழுக்கிவிடும். கடல்பாசி வளர்த்துப் பிழைக்கிற வீட்டுப் பெண்ணுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. பள்ளித் தேர்வு வந்தால் பாசி காயப் போடுகிற பக்கமே உன்னை விடமாட்டாளே உங்கம்மா.

உன் மாமா,
வாண்டோவின் முதல் குரல், தால்சூ


சியோல்
பிப்ரவரி 22

அன்புள்ள மாமாவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். உங்கள் முட்டிவலி எப்படி இருக்கிறது? அம்மாவின் கைவெடிப்புக்குப் போன வருஷம் வாங்கிய களிம்பு அடுப்படி மேல்தட்டில் இருக்கிறது. தேடிக்கொண்டிருப்பார்கள்.

என் அறை நம் வீட்டு அலமாரியைவிடக் கொஞ்சம் பெரியது. கையை நீட்டினால் இரண்டு சுவரும் தொடும். ஆட்டத்தை நடைபாதையில்தான் பழகுகிறேன். சோறும் கிம்சி ஊறுகாயும் விடுதியிலேயே கிடைக்கிறது. மாலையில் ஒரு நூடுல்ஸ் கடையில் வேலை.

சனிக்கிழமை ஆடிஷன் நடந்தது. நெஞ்சில் எண் ஒட்டி, பத்துப் பத்துப் பேராக நிற்க வைத்தார்கள். என் வரிசையில் எல்லாரும் பன்னிரண்டு, பதின்மூன்று வயசுப் பிள்ளைகள், என்னை அக்கா என்று கூப்பிட்டார்கள். பக்கவாத்தியம் இல்லாமல் பாடச் சொன்னார்கள். இரண்டு வரிக்குள் கையைக் காட்டிப் பலரை நிறுத்திவிட்டார்கள். என்னை நிறுத்தவில்லை. ஆனால் பெயரையும் ஊரையும் சொன்னபோது நம் தெற்குப் பேச்சைக் கேட்டுச் சிரித்தார்கள். பாடும்போது சியோல்காரி, பேசும்போது மீன்காரி என்றார் ஒருவர்.

முதல் சுற்றில் தேறிவிட்டேன். கடைசிச் சுற்று ஏப்ரல் 16, கம்பெனி இயக்குநர் முன்னால். அதிலும் தேறினால்தான் பயிற்சிக்கு எடுப்பார்கள். தங்க இடம் கொடுத்து, வருஷக்கணக்கில் பாட்டும் ஆட்டமும் சொல்லித் தந்து, பிறகு மேடை. எனக்குப் பதினெட்டு ஆகப்போகிறது. இந்தக் கம்பெனியில் அதற்குமேல் எடுக்க மாட்டார்கள். ஏப்ரல் 16 என் பிறந்தநாள் என்பது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். வருஷா வருஷம் அன்றைக்கு அம்மா வைக்கிற பாசிச் சூப் இல்லாத முதல் பிறந்தநாள்.

அம்மா என்னை "ராணி" என்றார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அம்மா யாரையும் அப்படிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. உண்மையில் என்ன சொன்னார்கள்?

நாரே


வாண்டோ
மார்ச் 9

நாரே கண்ணு,

சுகமா? இங்கே பாசி அறுவடை. மூன்று பேர் வேலையை நான் ஒருவனே செய்கிறேன். உங்கம்மாவைக் கேட்டால் அரை ஆள் வேலை என்பாள். அவள் கணக்கில் எப்போதும் கொஞ்சம் தகராறு உண்டு.

உன்னை மீன்காரி என்றவனை என்னிடம் அனுப்பு. அவன் சாப்பிடுகிற மீன் எங்கிருந்து போகிறதாம்?

உன் கடிதத்தைக் கூட்டுறவுச் சங்கத்தில் நின்று சத்தமாகப் படித்தேன். ஓரிரண்டு இடத்தில் கொஞ்சம் விளக்கிச் சொன்னேன், இயக்குநர் எழுந்து நின்று கை தட்டியதாக. அவர் பிறகு தட்டப்போவதைத்தானே நான் முன்னால் சொன்னேன். சங்கத் தலைவருக்குக் கண் கலங்கிவிட்டது. படகுத்துறைக்கு மேலே, போன வருஷம் வக்கீல் தேர்வில் தேறிய பையனுக்குக் கட்டினார்களே, அதே இடத்தில் பதாகை கட்டியாயிற்று. நீல எழுத்து, மஞ்சள் துணி: "எங்கள் தீவின் மகள் நாரே தேறினாள், வாழ்த்துகள்." முதல் சுற்று, கடைசிச் சுற்று என்றெல்லாம் எழுதத் துணியில் இடம் இல்லை. படகில் வந்து இறங்குகிற ஒவ்வொருவரும் உன் பெயருக்குக் கீழேதான் நடந்து போகிறார்கள்.

உங்கம்மாவும் போனாள். என்ன சொன்னாள் என்று கேட்டிருக்கிறாய். "இந்தத் தங்கத்தைப் பெத்த வயிறு இது" என்று சொல்லி, ஊர்ப் பெண்கள் முன்னால் வயிற்றைத் தட்டிக் காட்டினாள்.

வயதாகிறது அவளுக்கு. காது மந்தமாகிக்கொண்டு வருகிறது போல. ஞாயிற்றுக்கிழமை மதியம் டிவியில் பாட்டு நிகழ்ச்சி போட்டால் சத்தத்தை முழுக்கக் குறைத்துவிட்டு, கிட்டத்தில் உட்கார்ந்து வெறும் படத்தைப் பார்க்கிறாள். ஆடுகிற கூட்டத்தில் கடைசி வரிசைவரை கண் போகிறது. நான் பேச்சுக் கொடுத்தால், "வாய மூடுடா" என்கிறாள். பிறகு டிவியை அணைத்துவிட்டு வலை பின்னப் போய்விடுகிறாள்.

களிம்பு கிடைத்தது.

தால்சூ மாமா


சியோல்
மார்ச் 24

அன்புள்ள மாமாவுக்கு,

நலமாக இருக்கிறீர்களா? எனக்கு இருமல் இருந்தது, இப்போது பரவாயில்லை.

பதாகையை இறக்கிவிடுங்கள் மாமா. நான் இன்னும் தேறவில்லை. தினமும் கண்ணாடி முன்னால் சிரித்துப் பழகுகிறேன். சிரிப்புக்கும் மதிப்பெண் உண்டு இங்கே. ஒவ்வொரு தடவையும் அந்த மஞ்சள் துணி நினைவுக்கு வந்து வாய் கோணுகிறது.

வயிற்றைத் தட்டியது நீங்கள் சேர்த்தது என்று தெரியும். அதற்காக உங்கள்மேல் கோபம் இல்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன், இதற்கு மட்டும் நேராகப் பதில் எழுதுங்கள். உண்மையான தேர்வு இனிமேல்தான், ஏப்ரல் 16 அன்று என்று அம்மாவுக்குத் தெரியுமா? தெரிந்து ஏதாவது சொன்னார்களா? நல்ல வார்த்தையாக இருக்க வேண்டாம். திட்டினாலும் எழுதுங்கள்.

நூடுல்ஸ் கடைக்கு மாலையில் ஒரு அம்மா வருவார்கள். சுடுதண்ணீர்க் குவளையை இரண்டு கையாலும் பிடித்து, குடிக்காமல் வைத்துக்கொண்டே இருப்பார்கள். நம் அம்மா கரைக்கு வந்ததும் அப்படித்தானே பிடிப்பார்கள். நான் அந்த மேஜையைக் கடைசியாகத்தான் துடைக்கிறேன்.

நாரே


மோக்போ துறைமுகம்
ஏப்ரல் 6

நாரே கண்ணு,

நான் இப்போது மோக்போவில் இருக்கிறேன், படகு இன்ஜினோடு. நான் சுகம், அது ஆபரேஷன் மேஜையில். மெக்கானிக்குக்கே தெரியாத நோயை நான் காதை வைத்துக் கேட்டுச் சொன்னேன், மனிதன் ஆடிப் போய்விட்டான். சாமான் வருவதற்காகக் காத்திருக்கிறேன். இருமல் நின்றதா? இஞ்சியும் பேரிக்காயும் போட்டுக் குடி.

நேராகப் பதில் கேட்டாய். தெரியும். எல்லாம் தெரியும் உங்கம்மாவுக்கு. பதினாறாம் தேதியை நாட்காட்டியில் சிவப்பு மையில் வட்டம் போட்டு வைத்திருக்கிறாள். தினமும் விடியலில் கிணற்றுத் தண்ணீர் ஒரு கிண்ணம் எடுத்து, பின்கட்டில் வைத்து, கையைத் தேய்த்துக் கும்பிடுகிறாள், "பதினாறாம் தேதி நல்லபடியா போகணும், என் பொண்ணு வழுக்காம நிக்கணும்" என்று. என் காதால் கேட்டேன். எனக்கே அழுகை வந்துவிட்டது.

பதாகையை ஊருக்குத் திரும்பியதும் பார்த்துக்கொள்ளலாம். அதற்குள் நீயே தேறிவிடப் போகிறாய், எதற்கு வீணாக ஏறி இறங்க வேண்டும்? அன்றைக்கு ஜவ்வு மிட்டாய் மறக்காதே.

தால்சூ மாமா


சியோல்
ஏப்ரல் 15

மாமாவுக்கு,

இன்று மதியம் பேருந்துச் சரக்கில் பார்சல் வந்தது. என் உயரத்துக்கு இருந்தது. விடுதி வாசலில் திருப்பி உள்ளே கொண்டுவர முடியாமல் சரக்குவண்டி ஓட்டுநர் திட்டினார். அனுப்பியவர் பெயர் எழுதவில்லை, ஆனால் வைக்கோல் கயிற்றில் போட்டிருந்த முடிச்சு அம்மாவுடையது. பிரித்தேன். ஒரே கட்டாகக் கடல்பாசி. மடிக்கக்கூட இல்லை. அறையில் வைக்க இடமில்லாமல் கட்டிலில் என் பக்கத்தில் படுக்க வைத்திருக்கிறேன்.

நாளைக்குத் தேர்வு. அம்மாவுக்குத் தேதி தெரியும், தினமும் கும்பிடுகிறார்கள் என்று எழுதினீர்கள். பாசி வளர்க்கிற வீட்டில், எந்த நாளில் எதைக் கொடுக்கக் கூடாது என்று அம்மாவுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

எனக்குப் புரியவைக்க அம்மாவுக்கு வேறு வழி தெரிந்திருக்காது. எனக்குப் புரிந்துவிட்டது என்று சொல்லுங்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நாரே


வாண்டோ
ஏப்ரல் 21

நாரே கண்ணு,

இன்றுதான் ஊருக்கு வந்தேன். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உன் கடிதம் கையில் கிடைத்தது. சுகம் விசாரிக்க இப்போது நேரமில்லை. விடுதிக்குப் போன் போட்டேன். "அந்தப் பெண் போனுக்கு வரமாட்டேன் என்கிறாள்" என்று விடுதிக்கார அம்மா போனை வைத்துவிட்டாள்.

நீ நினைப்பது இல்லை, கண்ணு. கேள்.

பதாகை கட்டிய அன்று உங்கம்மா துறையில் நின்று அதை எழுத்துக்கூட்டிப் படித்தாள். பிறகு என்னிடம் கேட்டாள், "முடிஞ்சுதா?" நான், "முடிஞ்சுது அக்கா, எல்லாம் முடிஞ்சுது, உன் பொண்ணு தேறிட்டா" என்றேன். அவள் தங்கம் என்று சொல்லவில்லை. வயிற்றைத் தட்டவில்லை. படகு ஏறிப் போய்விட்டாள். பதினாறாம் தேதி இன்னொரு தேர்வு இருப்பது அவளுக்குத் தெரியவே தெரியாது. நாட்காட்டியில் வட்டம் இல்லை. தண்ணீர்க் கிண்ணமும் இல்லை. அதெல்லாம் நான் வைத்தது. நீ கேட்ட கேள்விக்கு அந்தப் பதில் நன்றாக இருக்கும் என்று பட்டது, எழுதினேன். மோக்போவில் அறையும் குளிராக இருந்தது.

நான் ஊரில் இல்லாதபோது அவள் தனியாகக் கடலுக்குப் போய், ஆழத்தில் பாசி வளர்க்கிற கயிற்றில் நீளமானதாகப் பொறுக்கி எடுத்து வந்து காயவைத்திருக்கிறாள். பக்கத்து வீட்டு பூன்-நாம் பார்த்திருக்கிறாள். யாரையும் தொட விடவில்லையாம். மடித்துப் பெட்டியில் போட்டால் பாதிக் கூலிதான் என்று பேருந்துக்காரன் சொன்னதற்கு, "மடிக்கக் கூடாது" என்று மட்டும் சொல்லி, முழுக் கூலி கொடுத்து ஏற்றிவிட்டிருக்கிறாள்.

மடிக்கக்கூட இல்லை என்று எழுதியிருக்கிறாய். அதை நீ எப்படி அறிவாய், நீ பிள்ளை பெற்றவளா? பிள்ளை பெற்றவளுக்குக் கொண்டுபோகிற பாசியை மடிக்க மாட்டார்கள், ஒடிக்க மாட்டார்கள், விலை பேச மாட்டார்கள். நீ பிறந்த அன்று அப்படி ஒரு கட்டை நான்தான் தோளில் வைத்துத் துறையிலிருந்து வீடுவரை நடந்தேன். எதிர்க்காற்று. ஒரு இலை ஒடியவில்லை. இதில் நான் எதையும் கூட்டிச் சொல்லவில்லை. அந்தச் சூப்பைத்தான் அவள் குடித்தாள், உன்னைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு. உன் பிறந்தநாளுக்கு அதே மாதிரி அனுப்பியிருக்கிறாள். தேர்வு முடிந்துவிட்டது, இனிமேல் பாசி சாப்பிடலாம் என்று நினைத்து அனுப்பியிருக்கிறாள்.

என்ன ஆயிற்று அன்றைக்கு? எழுது.

தால்சூ


வாண்டோ
மே 10

நாரே கண்ணு,

பதில் இல்லை. சாப்பிடுகிறாயா? இங்கே எல்லாருக்கும் உடம்பு சரியாகத்தான் இருக்கிறது.

எட்டாம் தேதி பெற்றோர் தினம். சந்தைக்கு வந்த எல்லாப் பெண்களுக்கும் சட்டையில் பிள்ளைகள் குத்திவிட்ட பூ. உங்கம்மா அன்றைக்குச் சந்தைக்கு வரவில்லை, தலைவலி என்றாள்.

அவளிடம் சொல்லிவிட்டேன். நடந்ததை நடந்தபடி, ஆரம்பத்திலிருந்து. என்னால் அது முடியும் என்று எனக்கே தெரியாது. கேட்டுக்கொண்டே பாசியைப் புரட்டிப் போட்டாள். முடிந்ததும், "அப்ப தேர்வுக்கு மொத நாளா போய்ச் சேர்ந்துது?" என்றாள். ஆமாம் என்றேன். கையிலிருந்த பாசியைப் புரட்டாமலே கீழே வைத்தாள். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அன்று இரண்டு வாய் சோறாவது இறங்கியிருக்கும்.

மறுநாள் அரிவாளை எடுத்துக்கொண்டு துறைக்குப் போய், ஏணி போட்டு, பதாகையை அவளே அறுத்து இறக்கிவிட்டாள். ஊரே பார்த்தது. அடுப்பில் போடப்போகிறாள் என்று நினைத்தேன். போடவில்லை. மழை வந்தால் காய்கிற பாசிமேல் போர்த்த நம்மிடம் நல்ல துணி இல்லை அல்லவா, அதற்கு எடுத்துக்கொண்டாள். இப்போது தூறல் விழுந்தால் ஓடிப்போய் அதைத்தான் விரிக்கிறாள். எழுத்து மேலே தெரிகிற மாதிரி விரிக்கிறாள். தலைகீழாகப் போய்விட்டால் எடுத்துத் திருப்பிப் போடுகிறாள்.

ஒரு வரி எழுது.

தால்சூ


சியோல்
மே 19

அன்புள்ள மாமாவுக்கு,

சாப்பிடுகிறேன். முட்டிவலியோடு ஏணி பிடித்திருப்பீர்கள், கவனமாக இருங்கள்.

தேறவில்லை.

ஆட்டம் நன்றாக வந்தது. பாட்டும் வந்தது. கடைசியில், கேமராவைப் பார்த்து வீட்டில் இருப்பவர்களிடம் இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். எல்லாப் பிள்ளைகளும் "அம்மா" என்று ஆரம்பித்தார்கள். எனக்கு அந்த வார்த்தை வரவில்லை. நின்றுகொண்டே இருந்தேன். "அடுத்து" என்றார்கள். பாசியைத் தொடக்கூட இல்லை நான். சாப்பிடாமலேயே வழுக்கிவிட்டேன். அம்மா அனுப்பியதால் இல்லை என்று சொல்லுங்கள்.

உங்கள் கடைசி இரண்டு கடிதங்களையும் நேற்றுதான் பிரித்தேன். வீட்டிலிருந்து வந்ததை எல்லாம் கட்டிலுக்குக் கீழே தள்ளியிருந்தேன். பாசிக்கட்டு மட்டும் கட்டில்மேல்தான் இருந்தது. அதை என்னால் கீழே தள்ள முடியவில்லை. இத்தனை நாள் சுவரோரம் ஒடுங்கித்தான் படுத்தேன்.

நேற்றே சூப் வைத்தேன். எவ்வளவு ஊறவைப்பது என்று தெரியாமல் ஒரு கைப்பிடி போட்டேன். ஊறி, பாத்திரம் நிறைந்து, கழுவுதொட்டி நிறைந்து, தளத்தில் இருந்த எல்லாப் பெண்களும் கிண்ணத்தோடு வந்துவிட்டார்கள். மாட்டிறைச்சிக்குப் பதில் டின் மீன்தான். அம்மா வைப்பது மாதிரி இல்லை. ஆனால் மூடியைத் திறந்ததும் நம் துறை வாசனை வந்தது. ஒரு பெண் தேர்வு எழுதப்போகிறவள், அவளுக்கு மட்டும் கொடுக்கவில்லை. மிச்சத்தை மடிக்காமல் சுவரில் தொங்கவிட்டிருக்கிறேன்.

நான் வரவில்லை, மாமா. இன்னும் இங்கேதான் இருக்கப்போகிறேன். வேறொரு கம்பெனி இலையுதிர்காலத்தில் ஆள் எடுக்கிறது. அங்கே இருபது வயசுவரை எடுப்பார்களாம். வாசலில் வந்து நிற்க வேண்டாம் என்று அம்மா சொன்னது இன்னும் அப்படியேதான் இருக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை.

இந்தக் கடிதத்தைப் படித்துக் காட்டாதீர்கள். அம்மா கையில் கொடுத்துவிடுங்கள்.

நாரே


வாண்டோ
மே 28

நாரே கண்ணு,

நான் சுகம், படகு இளமை திரும்பிவிட்டது, நாய் குட்டி போட்டிருக்கிறது. ஐந்து குட்டி. சரி, மூன்று.

கடிதத்தைக் கையில் கொடுத்தேன். ஈரக்கையைத் துடைத்துவிட்டு, காயப் போட்ட பாசிக்கு நடுவில் நின்றே படித்தாள். திரும்பவும் முதலிலிருந்து படித்தாள். பிறகு, "டின் மீனா போட்டா?" என்றாள். அவ்வளவுதான். மடித்து மடியில் செருகிக்கொண்டு போய்விட்டாள்.

இன்று காலையில் நான் துறைக்குக் கிளம்பும்போது வாசல்வரை வந்தாள். அவள் சொன்னதை, சொன்னபடியே எழுதுகிறேன்:

"அடுத்த தேர்வு எந்தத் தேதின்னு கேட்டு எழுதுடா. அது முடியற வரைக்கும் நான் பாசி அனுப்ப மாட்டேன்."

இதில் நான் ஒரு எழுத்துக்கூடச் சேர்க்கவில்லை. சேர்த்திருந்தால் இன்னும் அழகாக இருந்திருக்கும்.

தேதியை எழுது.

உன் மாமா,
தால்சூ